ஊர்வனப் பெட்டிக்குள் பூச்சி: எது கடிக்கும், எது சும்மா இருக்கும்

பெட்டிக்குள் கடுகிலும் சிறிய ஏதோ ஒன்று ஊர்வதைக் கண்டதும் கை தானாக மருந்துப் போத்தலுக்குப் போகும். பத்து நிமிடம் பொறுங்கள். மாரி தொடங்கியபின் யாழ்ப்பாணத்து வீடுகளில் கண்ணாடித் தொட்டிக்குள் காணப்படுபவை பெரும்பாலும் ஈரத்தையும் பூஞ்சணத்தையும் தின்கிற அப்பாவிகள். அவற்றுக்கென்று அடிக்கிற மருந்துதான் பிராணியைக் கொல்கிறது. மறுபக்கம், இரத்தம் குடிக்கிற மைட் (mite, எட்டுக்கால் கொண்ட மிகச் சிறிய உயிர்) ஒன்றை "மண்பூச்சிதானே" என்று விட்டால், இரண்டு மாதத்தில் பாம்பின் வாய் வெளிறிப் போயிருக்கும். ஆகவே எந்த அறிகுறிக்கும் முதல் வேலை, பூச்சி யாரென்று பார்ப்பது.

தேவையானவை மூன்று: வெள்ளை ரிஷ்யூ, செலோரேப், ரோச் லைற். இரவு விளக்கை அணைத்து ஒரு மணித்தியாலம் கழித்து, ரோச்சைச் சரித்துப் பிடித்துப் பிராணியின் உடம்பைப் பாருங்கள். பெட்டியைப் பிறகு பார்க்கலாம். கண்ணைச் சுற்றிய வளையம், கீழ்த்தாடையின் நடுக்கோடு, தொண்டை மடிப்பு, மலவாய் ஓரம் ஆகிய நான்கும் முக்கியம். பல்லி, ஓணான் வகையென்றால் காதுத்துளையும் கால் இடுக்கும் சேரும். பின் ஈர ரிஷ்யூ ஒன்றைப் பிராணி ஒளிந்துகொள்ளும் சிரட்டைக்கு அடியில் விரித்துவிட்டு, காலையில் எடுத்துப் பாருங்கள். அதில் ஊர்வதைச் செலோரேப்பால் ஒற்றி, வெள்ளைத் தாளில் ஒட்டி, போன் கமராவைப் பெருப்பித்துப் பார்த்தால் எட்டுக் காலா ஆறு காலா என்பது தெரிந்துவிடும். ஒட்டிய ரேப்பின் மேல் நகத்தால் அழுத்துங்கள். கருஞ்சிவப்பாகப் பிசுபிசுத்தால் அது இரத்தம் குடித்தது. சிவக்கவில்லை என்றால் உடனே நிம்மதி அடையவும் கூடாது: இன்னும் குடிக்காத இளம் மைட் வெளிறிய மஞ்சளாக இருக்கும், நசுக்கினாலும் சிவக்காது. அந்தச் சந்தேகத்தில், பூச்சி எங்கே இருந்தது என்பதே தீர்ப்புச் சொல்லும். செதிலுக்கு அடியில் இருந்தால் எதிரி. சாணியிலும் ஈர மண்ணிலும் மட்டும் இருந்தால் பெரும்பாலும் விருந்தாளி.

அறிகுறி: பாம்பு பகலும் இரவும் தண்ணீர்ச் சட்டிக்குள்ளேயே கிடக்கிறது

காரணம் மூன்றில் ஒன்று. பெட்டி கொதிக்கிறது; அல்லது தோல் உரிக்கப் போகிறது; அல்லது மைட். சித்திரை, வைகாசியில் ஓட்டு வீட்டு அறையே 33, 34 பாகைக்குப் போகும். அப்போது குளிர்ப்பக்கத்தில் வெப்பமானி என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள். பால் பைத்தன் (ball python) என்ற வளர்ப்பு மலைப்பாம்புக்குக் குளிர்ப்பக்கம் 26, 27 பாகையைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் அது தண்ணீரைத் தேடும். கண் நீலம் பூத்திருந்தால் உரிப்பு. இரண்டும் இல்லையென்றால், தண்ணீர்ச் சட்டியின் அடியைப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோலக் கருப்புத் துணிக்கைகள் அமிழ்ந்து கிடந்தால் விடை கிடைத்துவிட்டது. மூழ்கியவை அவை. மூழ்காதவை தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தலைக்கு ஏறிவிட்டன.

இது பாம்பு மைட், ஒபியோனிசஸ் நாட்ரிசிஸ். நன்றாகக் குடித்த பெண் ஒரு மில்லிமீற்றருக்குக் கிட்ட வரும். கருப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ இருக்கும், கண்ணாடியில் மெதுவாக ஊரும். கண் வளையத்தின் செதில் லேசாகத் தூக்கி, அடியில் கருப்பு மணி ஒன்று செருகியிருப்பதுபோலத் தெரிந்தால், அது குடித்துக்கொண்டிருக்கிறது. கறுத்த பாம்பின் முதுகில் சாம்பல் தூவியதுபோல வெள்ளைத் தூள் இருந்தால் அது மைட்டின் கழிவு.

அதன் வாழ்க்கையை அறியாமல் வைத்தியம் பலிக்காது. முட்டை பொரிக்க இரண்டு முதல் நான்கு நாள். பொரித்த ஆறுகால் குஞ்சு குடிக்காது. அடுத்த நிலை குடிக்கும், அதற்கடுத்தது குடிக்காது, வளர்ந்தது மறுபடி குடிக்கும். நம்முடைய அறை வெப்பத்தில் முட்டையிலிருந்து முட்டை வரை இரண்டு, மூன்று கிழமை. வளர்ந்த மைட் 40 நாள் வரை உயிரோடிருக்கும். ஒரு பெண் 60 முதல் 80 முட்டை வரை இடும். முட்டையிடுவது பாம்பின் மேலல்ல. வயிறு நிறைந்ததும் இறங்கி, மேல்நோக்கி ஏறி, இருட்டான ஈரமான வெடிப்பில் இடும். மூடியின் சட்டம், கண்ணாடி தள்ளும் தண்டவாளம், சிலிக்கன் விளிம்பு, பலகைப் பெட்டியின் மூலைப் பொருத்து ஆகியவைதான் அதன் பிள்ளைத்தொட்டில். மைட்டுக்கு ஈரப்பதம் 75 வீதத்துக்கு மேல் இருந்தால் கொண்டாட்டம். கார்த்திகை, மார்கழியில் அறைக்காற்றே அந்த அளவில் இருப்பதால், வெயில் காலத்தில் மெதுவாகப் பெருகுவது அந்த இரண்டு மாதத்தில் திடீரென்று வெடித்துக் கிளம்பும்.

பாம்பை முதலில் மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டிக்கு மாற்றுங்கள். உள்ளே வெள்ளை ரிஷ்யூ, ஒரு தண்ணீர்க் கிண்ணம், ஒளிய வெட்டிய ஒரு ஐஸ்கிரீம் டப்பா, அவ்வளவுதான். அழகு பார்க்கிற காலம் இது அல்ல. பழைய தும்புத்தூள், சருகு எல்லாவற்றையும் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பொலித்தீன் பையில் அள்ளி, வாயைக் கட்டி, அதை இன்னொரு பைக்குள் போட்டுக் கட்டுங்கள். வளவு மூலையில் கொட்டாதீர்கள். கறுப்புப் பை என்றால் முற்றத்துச் சீமெந்தில் உச்சி வெயிலில் ஒரு முழுநாள் கிடக்கட்டும். 55 பாகைச் சூடு பட்டால் மைட் உடனே சாகும். மாரியில் வெயிலை நம்பாமல் எரித்துவிடுங்கள், அதுவும் பைக்குள்ளிருந்து கொட்டி எடுத்த தூளை மட்டும்.

சிரட்டை, ஊமல், பன்னாடை போன்றவற்றைக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம். நூறு வெடிப்பு உள்ள பொருட்கள், அதுவும் சும்மா கிடைப்பவை. எறிந்துவிட்டுப் பிறகு புதிது வையுங்கள். விலை கொடுத்து வாங்கிய மரப்பட்டை என்றால் 20 நிமிடம் கொதிக்க வைக்கலாம், அல்லது பையில் கட்டி பிரிட்ஜின் உறைபெட்டியில் மூன்று நாள் வைக்கலாம். பிளாஸ்ரிக், மட்பாண்டம் எதையும் 60 பாகைத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவலாம். கண்ணாடித் தொட்டியில் மட்டும் கொதிநீர் ஊற்றாதீர்கள், கீறல் விட்டுவிடும். சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, விளிம்புகளைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, காய்ந்தபின் எல்லா மூலையையும் செலோரேப்பால் ஒற்றி எடுங்கள். ரேப்பில் ஒட்டியதை எண்ணினால் எவ்வளவு தொற்று என்றும் விளங்கும். பிளீச்சிங் திரவம் (ஒன்றுக்குப் பத்துத் தண்ணீர், 15 நிமிடம், பின் நன்றாகக் கழுவி மணம் போகும்வரை வெயில்) கிருமிக்கு நல்லது. மைட் முட்டைக்கு அதை நம்ப முடியாது. சூடும் தேய்ப்பும்தான் அங்கே வேலை செய்கின்றன.

அடுத்து பாம்பு. 28 முதல் 30 பாகைத் தண்ணீர், பாம்பின் உடற்பருமனில் மூன்றில் இரண்டு பங்கு ஆழம், 20 முதல் 30 நிமிடம். விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள், களைத்த பாம்பு மூழ்கும். உடம்பிலுள்ளவை மூழ்கத் தொடங்கியதும் மிச்சம் தலைக்கு ஓடும். அங்கேதான் எண்ணெய். கொட்டன் பட்ஸை ஒலிவ் எண்ணெயில் தொட்டு, ரிஷ்யூவில் ஒற்றி வடித்து, கண் வளையத்தைச் சுற்றியும் தாடைக் கோட்டிலும் ஒரே ஒரு மெல்லிய பூச்சு. எண்ணெய் மைட்டின் மூச்சுத் துளையை அடைக்கும். உடம்பு முழுக்கப் பூசினால் தூசி ஒட்டி உரிப்பு கெடும், ஆகவே தலையோடு நிறுத்துங்கள். குளித்த தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றாமல் கழிப்பறையில் ஊற்றிவிடுங்கள்.

மருந்து வேண்டுமா என்றால், பத்து மைட்டுக்கு மேல் கண்டிருந்தால் வேண்டும். அதை மிருக வைத்தியரோடு பேசித் தீர்மானியுங்கள். வழக்கமாகப் பாவிப்பது நாய், பூனைக்கு விற்கும் 0.25 வீத பிப்ரோனில் தெளிப்பு. பாம்பின் மேல் நேரே அடிப்பதில்லை. வெளியே, காற்றோட்டத்தில், துணியில் அடித்து, மருந்திலுள்ள சாராயத்தின் (அல்ககோல்) வாடை கொஞ்சம் ஆறியபின், தலையை விட்டு உடம்பை வழித்துத் துடைத்து, ஐந்து நிமிடத்தில் கழுவிவிட வேண்டும். ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை திரும்பவும். அந்த மருந்தைச் சுமக்கும் சாராயம்தான் சின்ன உடம்புக்கு ஆபத்து. குஞ்சுப் பாம்புக்கும் சிறு பல்லிக்கும் அதனால் கைவைக்காதீர்கள்.

இன்னொன்று ஐவர்மெக்ரின். மாடு, ஆடுகளுக்கு ஊசியாகப் போடுவதால் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். ஒரு வீத ஊசி மருந்தில் அரை மில்லி லீற்றரை ஒரு லீற்றர் தண்ணீரில் கலந்தால் லீற்றருக்கு 5 மில்லிகிராம் வரும். மேற்பூச்சுத் தெளிப்புக்கு அதுவே வழக்கமான அளவு. அது தண்ணீரில் நன்றாகக் கரையாது. ஒவ்வொரு அடிப்புக்கும் முன் போத்தலைக் குலுக்க வேண்டும், வெளிச்சத்தில் வைத்தால் வீரியம் போய்விடும். ஆனால் ஆமைக்கு ஐவர்மெக்ரின் சாவு. ஊசியும் வேண்டாம், தெளிப்பும் வேண்டாம், அதே அறையில் மூடியில்லாத ஆமைத் தொட்டி இருந்தால் அங்கே அடிக்கவும் வேண்டாம். அரணை இனங்களுக்கும் அது கெடுதல் செய்ததாகப் பதிவு உண்டு. ஊசி மருந்தாகப் போட வேண்டிய நிலை வந்தால் எடை நிறுத்து, மிருக வைத்தியர் கையால்.

இனி நாட்காட்டி. மருந்து எதுவாக இருந்தாலும் முட்டையைக் கொல்லாது. ஆகவே பொரிக்கப் பொரிக்க அடிக்க வேண்டும்: 0, 7, 14, 21ஆம் நாட்கள். இடையில் ரிஷ்யூவை இரண்டு நாளுக்கொருமுறை மாற்றி எரியுங்கள், அப்படிச் செய்தால் முட்டை பொரிக்கும் முன்பே வெளியே போகும். கடைசி மைட்டைக் கண்ட நாளிலிருந்து ஆறு கிழமைக்கு ரிஷ்யூ வாழ்க்கைதான். பத்தாம் நாள் ஒன்றையும் காணவில்லையென்று தும்புத்தூளைத் திரும்பப் போட்டவர்களுக்கு மூன்றாம் கிழமையில் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

வாயைத் திறந்து பார்த்தால் உள்தசை இளஞ்சிவப்பாக இல்லாமல் வெள்ளை மெழுகு போலிருந்தாலோ, வயிற்றுச் செதிலில் சிவப்புத் திட்டுகள் வந்தாலோ, பாம்பு தலையைத் தூக்க முடியாமல் துவண்டாலோ, பூச்சி வேலையை நிறுத்திவிட்டு அன்றே வைத்தியரிடம் கொண்டு போங்கள். அதற்குமேல் குளிப்பாட்டினால் தாங்காது.

அறிகுறி: எல்லாம் செய்தும் திரும்பத் திரும்ப வருகிறது

மருந்து பலவீனமென்று வீரியத்தைக் கூட்டாதீர்கள். பிழை வேறெங்கோ இருக்கிறது. அதே அறையில் இரண்டாவது பெட்டி இருக்கிறதா? மைட் சுவரில் நடந்து போகும். அறையில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் செய்யவேண்டும். பாம்பைப் பிடிக்கும் கொக்கி, துடைக்கும் துவாய், குளிப்பாட்டும் பேசின் சுடுதண்ணீர் கண்டனவா? பெட்டி வைத்திருக்கும் மேசையின் அடிப்பக்கம்? பலகைப் பெட்டியின் மூலைப் பொருத்துகளைச் சிலிக்கனால் அடைத்தாலொழிய அந்தப் பெட்டி சுத்தமாகாது. சிலிக்கன் ஊற்றிய பெட்டியை வினாகிரி வாடை முழுக்கப் போகும்வரை, நான்கைந்து நாளாவது, வெறுமையாக விடுங்கள்.

அறிகுறி: இகுவானா, பியர்டட் டிராகன், கெக்கோ ஆகிய வளர்ப்புப் பல்லி வகைகளின் கால் இடுக்கில் செம்மஞ்சள் புள்ளிகள்

குங்குமத்தை ஊசிமுனையால் வைத்ததுபோல விரல் இடுக்கிலும், காதுத்துளை விளிம்பிலும், அக்குளிலும் கூட்டமாக ஒட்டியிருக்கும். அசையாது. பல்லி மைட் குடும்பம்: இகுவானாவில் ஹேர்ஸ்ரியெல்லா, கெக்கோக்களில் ஜெக்கோபியா. சுவர்ப்பல்லி ஒன்றின் பாதத்தை வெளிச்சத்தில் பாருங்கள், அதே சிவப்பு அங்கேயும் இருக்கும். பல்லியில் உள்ளது பெரும்பாலும் பல்லியோடே இருக்கும். இருந்தாலும் பெட்டிக்குள் சுவர்ப்பல்லி நுழைய விடக்கூடாது. காற்றுத் துளைகளுக்கு நுளம்பு வலைக்கம்பியைச் சிலிக்கனால் ஒட்டினால் போதும். பல்லி நுழையாது, அதில் உள்ள மைட் நுழையும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வைத்தியம் பாம்புக்கு உள்ளதுதான், மென்மையாக. பிராணியின் முழங்கை மூட்டளவு ஆழமான வெதுவெதுப்பான தண்ணீரில் 15 நிமிடம், கொத்தாக உள்ள இடத்தில் எண்ணெய் தொட்ட கொட்டன் பட்ஸ், காகித விரிப்பு, ஆறு கிழமை. பாலைவன கெக்கோவைக் குளிப்பாட்டினால் அன்று மாலைக்குள் நன்றாகக் காயவேண்டும். மழைநாளில் இரவில் குளிப்பாட்ட வேண்டாம்.

அறிகுறி: மண்ணிலும் சாணியிலும் வெள்ளைத் துணிக்கை ஊருகிறது, பிராணியில் ஒன்றுமில்லை

பூஞ்சண மைட். பருத்து, வெளிறி, சோம்பலாக நகரும், கால்கள் தெரியும்படி மயிர் வைத்திருக்கும். அது தின்பது பூஞ்சணம், சாணி, சிந்திய தீனி. கொல்லத் தேவையில்லை, பட்டினி போட்டால் போதும். ஈரந்தான் சிக்கல். தும்புத்தூளைக் கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். ஒரு துளி சொட்டினாலும் அதிகம். உருண்டையாகி, தட்டினால் உதிர வேண்டும். 650 கிராம் கட்டிக்கு 3 முதல் 4 லீற்றர் தண்ணீர் ஊறும். வெயில் நாட்டுப் பிராணிக்கென்றால் ஊறியதை முற்றத்தில் பரப்பிக் காயவைத்துவிட்டுத்தான் உள்ளே போட வேண்டும். மேலே இரண்டு அங்குலத்தைக் கிளறி, சாணியை நாள்தோறும் எடுத்து, மூடியில் காற்றுத் துளையைக் கூட்டினால் ஒரு கிழமையில் குறையும்.

தீனிக் கிண்ணத்தின் விளிம்பில் பழுப்புத் தூசிபோலப் படிந்து மெல்ல அசைந்தால், அது தானிய மைட். தீனிக்கு வளர்க்கும் மீல்வேர்ம் புழுவின் தவிட்டோடு வந்தது. விரலால் நசுக்கி முகர்ந்தால் புதினா மாதிரி ஒரு மணம் வரும், வேறெதற்கும் அந்த மணம் இல்லை. தவிட்டை ஆலையிலிருந்து வாங்கியதும் இரண்டு நாள் உறைபெட்டியில் வைத்து, வெயிலில் காயவைத்துப் பாவித்தால் வராது. புழுப்பெட்டிக்குள் கரட் துண்டைப் பூஞ்சணம் பிடிக்கும்வரை விட்டுவைப்பதுதான் வழக்கமான குற்றம். துண்டு சின்னதாக, ஒருநாளில் தின்னுமளவு.

தொட்டால் துள்ளினால் அது மைட்டே அல்ல. வாலடியில் வில் வைத்திருக்கும் வால்துள்ளி, ஆறுகால் பிராணி. தண்ணீரில் மிதக்கும், பூஞ்சணத்தைத் தின்னும். ஈரக் காட்டுப் பெட்டி வைத்திருப்பவர்கள் இதைத் தேடி வாங்குகிறார்கள். விட்டுவிடுங்கள்.

முட்டை மட்டையிலும் பழைய கடதாசிப் பெட்டியிலும் தலை பெருத்த, வேகமாக ஓடுகிற தூசிப்பேன் வரும். மட்டையை எரித்தால் முடிந்தது.

அறிகுறி: பெட்டிக்குள் கூன் முதுகு ஈ, பறக்காமல் ஓடுகிறது

தீனிக்கு வைத்த கிரிக்கெட் பூச்சி செத்து எங்கோ அழுகுகிறது. இந்த ஈ இரண்டு, மூன்று மில்லிமீற்றர். தட்டினால் பறப்பதற்குப் பதில் துண்டு துண்டாக ஓடும். கிரிக்கெட் பெட்டியைப் பாருங்கள். அடியில் கருப்புக் குழம்பு இருக்கும், அதில் அரிசிமணியிலும் சிறிய புழு நெளியும். அந்தப் பெட்டியை முழுக்கக் காலி செய்து கழுவாமல் தீராது. பிடிக்க ஒரு பொறி: போத்தலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே கனிந்த இதரை வாழைப்பழத்துண்டு, ஒரு மேசைக்கரண்டி வினாகிரி, பாத்திரச் சவர்க்காரத் திரவம் ஒரு துளி. பொறியை வெளியே வையுங்கள், பிராணியின் பெட்டிக்குள் அல்ல. இந்த ஈயைச் சாதாரணமாக எண்ணக்கூடாத ஒரு சமயம் உண்டு: பிராணிக்குப் புண் இருந்தால் அதிலும் முட்டையிடும். புண்ணில் புழு கண்டால் வைத்தியர்.

சிறிய கருப்பு நுளம்பு மாதிரிப் பறந்து திரிவது பூஞ்சண ஈ. மண்ணின் ஈரத்தைக் குறைக்க அது போகும்.

அறிகுறி: எறும்பு வரிசை பெட்டிக்கு ஏறுகிறது

மழை பெய்து வளவு நனைந்த அன்றிரவு எறும்பு வீட்டுக்குள் வரும். கிரிக்கெட் பூச்சிகளை இரவோடிரவாக முடித்துவிடும். உரித்துக்கொண்டிருக்கும் கெக்கோவையும், முட்டை உடைக்கும் குஞ்சையும் விடாது. குசினி அலுமாரியின் கால்களுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைப்பது நம் வீடுகளில் பழக்கந்தானே, அதையே மேசைக்காலுக்குச் செய்யுங்கள். தண்ணீரில் ஒரு துளி சவர்க்காரம் விட்டால் எறும்பு மிதந்து கடக்காது. ஆனால் தண்ணீரை மூன்று நாளுக்கொருமுறை மாற்றாவிட்டால் அதே கிண்ணத்தில் நுளம்புப் புழு வந்து, டெங்குச் சோதனைக்கு வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். மேசை சுவரில் முட்டினாலும், வயர் தொங்கித் தரையைத் தொட்டாலும் கிண்ணம் வீண். எறும்பு வயரில் ஏறும்.

கூட்டை அழிக்கப் பொறி இரை: 100 மில்லி லீற்றர் தண்ணீர், 10 கிராம் சீனி, 1 கிராம் போரிக் அமிலம். பஞ்சில் நனைத்து, மூடியில் ஓட்டை போட்ட டப்பாவுக்குள் வைத்து, எறும்பு வரும் வழியில், வெளியே. பிள்ளைகளும் கோழியும் தொடாத இடம் பாருங்கள். கூடுதலாக அமிலம் போட்டால் எறும்பு கூட்டுக்குப் போகுமுன்பே சாகும், ராணி தப்பிக்கும். எறும்புச் சோக் கோடு போடவேண்டாம். அதன் தூள் கிரிக்கெட் பூச்சியின் காலில் ஒட்டி, பிராணியின் வயிற்றுக்குள் போகும்.

அறிகுறி: சாம்பல் நிறத்தில் பயறளவு ஒட்டிக்கொண்டிருக்கிறது

அது உண்ணி. காட்டில் பிடித்த விலங்கில்தான் வரும். இலங்கையில் நட்சத்திர ஆமையில் அம்பிளியோமா கிளைப்பியோலாட்டமும், உடும்பில் அம்பிளியோமா ஜெர்வாய்சியும் காணப்படுபவை. உங்கள் பிராணியில் இது இருந்தால் அது எங்கிருந்து வந்ததென்ற கேள்வியும் சேர்ந்தே வரும்: நட்சத்திர ஆமையையும் நாட்டு இனப் பாம்பு, உடும்புகளையும் பிடித்து வளர்ப்பது 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றம். வளவுக்குள் வந்த ஆமையென்றால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அனுமதியோடு வந்த வெளிநாட்டுப் பிராணியில் உண்ணி இருந்தால், சாமணத்தைத் தோலோடு ஒட்டப் பிடித்து, முறுக்காமல், ஒரே சீராக இழுங்கள். நெருப்பு, மண்ணெண்ணெய் வைத்தால் உண்ணி தன் வயிற்றிலுள்ளதைக் காயத்துக்குள் கக்கும். எடுத்ததைச் சாராயத்தில் போட்டு, காயத்துக்கு பொவிடோன் அயடின் தொட்டால் போதும்.

அறிகுறி: வெள்ளைப் புள்ளிகள், ஆனால் ஊரவில்லை

கிணற்றுத் தண்ணீர். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் தோண்டியவை. தெளித்த தண்ணீர் காய்ந்தால் கண்ணாடியிலும் செதிலிலும் வெள்ளைப் புள்ளி விழும். ஈரத் துணியால் துடைத்தால் போகாமல் நின்றால் சுண்ணாம்பு. உடனே போய்த் துணியில் சாம்பலாக வந்தால் மைட்டின் கழிவு. கண்ணாடியை வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைக்கலாம், பிராணியைத் தவிர. தெளிப்பதற்கு மழைத் தண்ணீரைச் சேர்த்து வைத்தால் இந்தப் பயமே இல்லை.

அறிகுறி: பிராணி நடுங்குகிறது, தலையைச் சுழற்றுகிறது, மருந்தடித்த அன்று

விஷமேறியிருக்கிறது. பெட்டியிலிருந்து எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவி, காற்றோட்டமான இடத்தில் வைத்து, மருந்துப் போத்தலையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். இதற்குப் பெரும்பாலும் காரணம் பெட்டிக்கு வெளியே இருக்கும். நுளம்புச் சுருள், கரப்பான் தெளிப்பு, அலுமாரியில் வைத்த நப்தலின் உருண்டை, நாய்க்குப் போடும் தெள்ளுத் தூள் எல்லாம் ஊர்வனவுக்குக் கூடாது. வேப்பிலைப் புகையும் அப்படித்தான். பாம்புக்கு நம்மைப்போல உதரவிதானம் இல்லை, இருமித் துப்ப முடியாது, உள்ளே போன புகை உள்ளேயே நிற்கும். டெங்குக்குத் தெருவில் புகையடிக்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்டால், பெட்டியை உள்ளறைக்கு மாற்றி, கதவைச் சாத்தி, கதவடியில் ஈரத் துவாய் வைத்து, புகை கலைந்து இரண்டு மணித்தியாலம் கழித்தே திறவுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தை அதற்குப் பிறகு மாற்றவேண்டும்.

அறிகுறி: உங்கள் மணிக்கட்டிலும் இடுப்பிலும் சிவந்த கடி

பாம்பு மைட் மனிதனையும் கடிக்கும், ஆனால் மனிதனில் குடும்பம் நடத்தாது. உடுப்பைச் சுடுதண்ணீரில் தோய்த்து, பெட்டியைத் தீர்த்தால் கடியும் நிற்கும். கடி நிற்காமல் தொடர்ந்தால், பெட்டியில் இன்னும் இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சரியான சாட்சி இல்லை. ரிஷ்யூவைச் சிரட்டைக்கு அடியில் மறுபடி விரியுங்கள்.

புதிய பிராணி வாங்கினால், பழையவற்றோடு சேர்ப்பதற்கு மூன்று மாதம் முன்னதாகவே இந்த வேலை எல்லாம் தொடங்குகிறது. வேறு அறை, வெள்ளை ரிஷ்யூ, தனிக் கொக்கி, தனித் துவாய். நாள்தோறும் பழைய பிராணிகளுக்குத் தீனி, தண்ணீர் வைத்து முடித்தபின்பே புதியதன் அறைக்குள் போகவும், அங்கிருந்து நேரே கைகழுவப் போகவும். கடைக்காரர் "மைட் ஒன்றுமில்லை" என்று சொன்னாலும், வாங்குமுன் அவருடைய தண்ணீர்ச் சட்டியின் அடியை நீங்களே பாருங்கள்.